வாய்ஸ் மாஸ்டர்

அந்தப் பெயரை அவள் முதன்முதலில் கேட்டது அண்ணன் வாயால்தான். "எங்க டுட்டோரியல்ல வாய்ஸ் மாஸ்டர்னு ஒருத்தர் இருக்காரு. தங்கமான மனுஷன். கட்டிக்கிறியா?" என்றான். பாட்டு வாத்தியார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினாள். கல்யாணமான வாரமே சின்ன சித்தி, "மாப்பிள்ளை, ஒரு பாட்டை எடுத்து விடுங்களேன்" என்று கேட்க, மனிதர் முகம் வெளிறி எழுந்து போனார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவர் நடத்தியது இங்கிலீஷ் இலக்கணத்தில் 'வாய்ஸ்' என்ற ஒரே ஒரு துண்டு, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குவது. 'பூனை பாலைக் குடித்தது' என்றால் அதைப் 'பால் பூனையால் குடிக்கப்பட்டது' என்று புரட்டிப் போடுவது. டுட்டோரியல் என்பது பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் படிக்கும் இடம். அங்கே ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஒரு துண்டு. ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக் கூடாது. காய்ச்சலில் படுத்தாலும் அந்த வகுப்பு காலியாகத்தான் கிடக்கும். அண்ணனிடம் மட்டும் கடிதம் எழுதுவது, கட்டுரை எழுதுவது என்று இரண்டு. ரெண்டு வீட்டுக்காரன் என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள்.

வாய்ஸ் மாஸ்டர் மூன்று நாற்காலி போட்டு, மூன்று பிள்ளைகளை உட்கார வைப்பார். ஒருவன் பூனை, ஒருவன் குடித்தது, ஒருவன் பால். "பூனையாரே, எழுந்திருங்க. இனிமே பாலுதான் முன்னால. நீங்க பின்னால போய் வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காருங்க" என்பார். வகுப்பே சிரிக்கும். தலை நரைக்கும்வரை அதே பூனை, அதே சிரிப்பு. வேறு எதையும் அவர் நடத்தியதே இல்லை.

ஒரு வருஷம் கேள்வித்தாளை மாற்றினார்கள். வாக்கியத்தைப் புரட்டிப் போடும் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டு, "உங்களை எதுக்கு வச்சிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க மாஸ்டர்" என்றார். மாஸ்டர் வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவளிடம் சொன்னார்.

அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, அந்தக் கடிதத்தையாவது அவருக்கு விட்டுக் குடேன்."

"ஏம்மா, இது என்ன பழைய சட்டையா, கழட்டிக் குடுக்க?"

"நீதானே கட்டி வச்சே."

"அதுக்குன்னு காலம் பூராவும் சுமக்கணுமா?" என்று முறைத்தான். பிறகு இறங்கி வந்தான். "சரி, ஒரு வாரம். முதலாளிகிட்ட நான் பேசுறேன். மாப்ள ஒழுங்கா நடத்தினா அது அவருக்கே."

நான்கு நாள் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக் கடிதம் சொல்லிப் பழகினார். அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் வந்தது. கடிதம் நடத்தப் போன முதல் நாள் மத்தியானமே அண்ணன் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தேதியப் போட்டாரு, 'ஐயா'ன்னு எழுதினாரு, அப்படியே நின்னுட்டாரு. பின்பெஞ்சுல ஒருத்தன் 'சார், பூனை சார்'னான். அவ்வளவுதான். மூணு நாற்காலியப் போட்டு மணி அடிக்கிற வரைக்கும் பூனைதான்! வாசல்ல முதலாளி நிக்கிறாரு. என் மானம் கப்பலேறிடுச்சு."

அவன் பின்னாலேயே மாஸ்டரும் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"ஏங்க, அங்க போயி ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"பசங்க சிரிச்சாங்க" என்றார்.

அண்ணன் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டான். அதோடு இந்த வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டான். அவளும் போய்க் கூப்பிடவில்லை. இன்னொரு டுட்டோரியல் வாசலில் மாஸ்டர் போய் நின்று பார்த்தார். அங்கேயும் அதே கேள்வித்தாள்தானே, வேலை இல்லை என்றுவிட்டார்கள்.

இப்போது அவர் கடைத்தெரு முனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்கிக் கொடுக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். சட்டையில் சாக்பீஸ் தூள் கிடையாது.