சோதனை அட்டை எண் பதினொன்று

அஞ்சலகக் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. பட்டமளிப்பு விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஊர், திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. அதன் அஞ்சலகத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். வெளியே சுற்றுகிற தபால்காரர் ஒருவர், உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிற போஸ்ட் மாஸ்டர் அம்மா ஒருவர். அந்த அம்மா என் உறையை எடை போட்டுத் தொகையைச் சொன்னார். உள்ளே இருந்ததோ ஒரே ஒரு தாள்.

"சாதாரணத்துல போட்டா?" என்று கேட்டேன்.

"போடு. போவும்."

"எத்தினி நாள்ல?"

"போவும்போது போவும்."

"அப்போ இந்தக் காசு கட்டினா சீக்கிரம் போவுமா?"

"எங்க கீதுன்னு ஃபோன்ல பாக்கலாம்."

"அது சரிம்மா, சீக்கிரம் போவுமா?"

"எங்க கீதுன்னு பாக்கலாம்," என்றார் மறுபடியும். அதற்குள் அவர் கண் எனக்குப் பின்னால் நின்றவரிடம் போய்விட்டது.

காசைக் கட்டினேன். கட்டும்போதே கொதித்தது. சாதாரணக் கடிதம் தொலைந்தால் யாரையும் கேட்க முடியாது. யாராவது பதில் சொல்ல வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. புத்தகங்களுக்கென்று இருந்த மலிவுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பதிவுத் தபாலைத் தூக்கி விரைவுத் தபாலுக்குள் போட்டுவிட்டார்கள். விலை ஏறியதற்கு ரசீது தருகிறார்கள், வேகம் ஏறியதற்கு என்ன தருகிறார்கள்? நான் புள்ளியியல் படித்து முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுவதையே வேலையாக வைத்திருந்த நேரம். அளந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய அடுத்த நிமிடம் போஸ்ட் கார்டு கேட்டேன்.

அந்த அம்மா என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "கார்டா? எத்தினி?"

"இருபத்தஞ்சு."

கார்டு அரை ரூபாய். மீதி அரை ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று இருபத்தாறாக எண்ணிக் கொடுத்தார்.

திட்டம் எளிமையானது. வேறு வேறு ஊர்ப் பெட்டிகளில், வேறு வேறு கிழமைகளில், என் பெயருக்கு நானே கார்டு போட வேண்டும். போட்ட நாளையும் நேரத்தையும், வந்த நாளையும் நேரத்தையும் நோட்டில் குறிக்க வேண்டும். ஏதாவது நேர்முகத் தேர்வுக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும்போதெல்லாம் பையில் இரண்டு கார்டு இருக்கும். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒன்று, படாளத்தில் ஒன்று, திருப்போரூரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று. ஒரு பெட்டியின் வாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதைக் குச்சியால் எடுத்துவிட்டுப் போட்டேன்.

கார்டில் எதையாவது எழுத வேண்டுமே. நான் எழுதியது இது: "சோதனை அட்டை எண் 1. செவ்வாய் காலை பத்து மணிக்குப் பெட்டியில் போடப்பட்டது. இது எத்தனை நாள் ஊர்ந்து வருகிறது என்று பார்ப்போம். நடுவில் இதைப் படிப்பவருக்கு வணக்கம்." எழுதி முடித்துவிட்டு நானே சிரித்தேன். அப்படி ஒரு சாமர்த்தியம்.

எங்கள் வீட்டின் முன்பக்கம் அத்தாவின் மெத்தைக் கடை. வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் அடுக்கி வைத்த மெத்தைகளுக்கு நடுவே கடை வழியாகத்தான் போக வேண்டும், வேறு வாசல் கிடையாது. ஷட்டர் காலை எட்டு மணிக்கு ஏறினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் இறங்கும். அத்தா தொழுகைக்குப் போனாலும் அம்மா வந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுவாள்.

முதல் கார்டு வந்த நாள் மறக்காது. தபால்காரர் பைக்கைக் கடைக்கு முன்னால் நிறுத்தினார், இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்கின் மேல் வைத்துவிட்டு, கார்டைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"சோதனை அட்டை எண் ஒண்ணு... ஊர்ந்து வருகிறது என்று பார்ப்போம்... பாய், உன் பொண்ணு எனக்குப் பரீட்சை வெக்குது பாய்!"

கடையில் தலையணை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். "இன்னா மார்க்கு போட்டிருக்குன்னு கேளு அண்ணாத்த," என்றார்.

"ரெண்டு நாள்ல கொண்டாந்துட்டேன்மா. பாஸா, ஃபெயிலா?"

"இன்னும் இருபத்தஞ்சு கீது," என்றேன்.

"வணக்கம் போட்டிருக்க இல்ல, அதுக்கோசரம் உனக்கும் ஒரு வணக்கம்," என்று கார்டை மெத்தைமேல் வீசிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், நோட்டில் குறிக்கவில்லை.

அதன்பிறகு கார்டுகள் பறந்து வந்தன. இரண்டு நாள், இரண்டு நாள், ஒரு முறை மறுநாளே. ஒவ்வொன்றையும் அவர் முதல் வேலையாகக் கொண்டுவந்து எண்ணைச் சத்தமாகப் படித்துக் கொடுத்தார். எத்தனை நாள் என்று நோட்டில் நான் வரைந்த கோடு மேலே ஏறவே இல்லை. தபாலைத் திட்டி எழுத உட்கார்ந்தவள் பாராட்டி எழுத வேண்டியிருக்குமோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

அக்காதான் நோட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "நாளைக்கு வர்றேன்னு லெட்டர் போட்டுட்டு விருந்தாளி வந்தா எவடி வூட்ட பெருக்காம வெப்பா? நீ அளக்கறது தபாலை இல்ல, அந்த ஆளோட ரோஷத்தை."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கணக்கு பாதியில் இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

அக்கா செவிலியர் படிப்பு முடித்தவள். தெற்கே ஒரு கல்லூரியில் படித்தாள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் கல்லூரியே வைத்திருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரிக்காரர்களிடம் பத்து முறை பேசி, விரைவுத் தபாலுக்கான காசை அவளே கட்டி, அவற்றை அனுப்ப வைத்தாள். அதுவரை கூடுவாஞ்சேரியில் ஒரு கிளினிக்கில் தற்காலிக வேலை. காலை ஏழரைக்குப் போனால் திரும்ப ஏழாகும்.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஃபோனில் பார்த்தபோது உறை எங்கள் ஊருக்கே வந்திருந்தது. "பட்டுவாடாவுக்குப் புறப்பட்டது" என்று இருந்தது. சாயங்காலம் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டாள்.

"வூட்ட பூட்டிகினு எங்கடி போனீங்க எல்லாரும்?"

"யாரும் எங்கயும் போவல."

"கதவு பூட்டியிருந்ததுன்னு போட்டிருக்கான்."

நான் நோட்டை எடுத்தேன். அன்றைய வரி என் கையெழுத்திலேயே இருந்தது: சோதனை அட்டை எண் 11, நேரம் 11.10. அதே ஆள், அதே நாள், எங்கள் கடைக்கு வந்து, என் கார்டைச் சத்தமாகப் படித்துக் கொடுத்துவிட்டுப் போய், அக்காவின் உறைக்கு மட்டும் எங்கள் வீட்டைப் பூட்டியிருந்தார்.

மறுநாள் பன்னிரண்டாவது கார்டோடு வந்தார். நான் ஷட்டருக்கு வெளியே நின்றிருந்தேன்.

"நேத்து எங்க வூடு பூட்டியா இருந்துச்சு?"

"நேத்து நான்தானேம்மா கார்டு குடுத்தேன்."

"அதத்தான் கேக்கறேன்."

"அந்தக் கவர் மத்தியானப் பையில வர்றது. ஸ்பீடு போஸ்டெல்லாம் மத்தியானச் சுத்துலதான் எடுப்பேன். காலைல என் கையில இல்ல."

"கையில இல்லன்னா இல்லன்னு போடுங்க. பூட்டுன்னு ஏன் போட்டீங்க?"

"அது ஆபீஸ் ஃபோன்ல அப்டிதான் வருது."

"ஃபோன் எழுந்து வந்து எங்க கதவைப் பாத்துச்சா?"

கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு வரும்மா, போ," என்றார். வரவில்லை. சாயங்காலம் ஃபோனில் எங்கள் வீடு இரண்டாவது முறையாகப் பூட்டப்பட்டது.

வியாழக்கிழமை அவர் என் முகத்தைப் பார்க்காமல் அத்தாவிடம் சொன்னார். "கவர் ஆபீஸ்ல கீது பாய். ஆளை அனுப்பி வாங்கிக்க."

ஆபீஸ் எங்கள் கடையிலிருந்து பதினைந்து நிமிட நடை. நான் போயிருக்கலாம். அக்காவும் காலையில் கிளம்பும்போது அதையேதான் சொல்லியிருந்தாள். "வரலன்னா நீ போய் வாங்கிட்டு வந்துடு. திங்கக்கிழமை வரைக்கும் எனக்கு உயிர் இல்ல." ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டுல கொண்டாந்து குடுக்கத்தான் காசு வாங்கினீங்க. நான் ஏன் வரணும்? கொண்டாந்து குடுங்க."

"வர மாட்டியா?"

"மாட்டேன்."

"சரி. உன் இஷ்டம்," என்று பைக்கை உதைத்தார்.

"போய்ட்டு வந்துடேன், இன்னா கெட்டுப்போவுது?" என்றார் அத்தா. "அப்டி எல்லாரும் போய்ட்டு வர்றதாலதான் அத்தா அந்த ஆளு இப்டி இருக்கான்," என்றேன். நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் சரி என்றே நினைக்கிறேன். அன்றைக்கு முழுக்கக் கடையில் உட்கார்ந்து, பூட்டாத வாசலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு ஒரு படம்.

அன்று சாயங்காலம் மூன்றாவது முறை பூட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். ஃபோனில் இருந்த எட்டுப் படங்களையும் கண்ணாடியில் ஒட்டாத குறையாகக் காட்டினேன். போஸ்ட் மாஸ்டர் அம்மா பார்க்கவே இல்லை.

"மூணு வாட்டி பூட்டுன்னு வந்துடுச்சு. அனுப்பினவங்களுக்கே திருப்பிட்டோம். பை நேத்தே போய்டுச்சு."

"பூட்டவே இல்லம்மா!"

"எனக்குத் தெரியும்."

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பார், கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"தெரிஞ்சுமா?"

"இன்னாம்மா பண்ணச் சொல்ற? ஒரு ஆளு, சுத்தி வர்றது ரெண்டு பீட். உங்க பக்கம் ஒண்ணு. அந்தாண்ட புதுசா பிளாட் போட்டு வித்துகினு கீறானுங்களே, அது ஒண்ணு. அங்க நகர் எது, நம்பர் எதுன்னு அவனவனுக்கே தெரியாது. மத்தியானப் பை வர்றப்போ அவர் அங்க மாட்டிகினு இருப்பாரு. நாலு மணிக்குள்ள கையில கீற எல்லாத்துக்கும் ஃபோன்ல ஒரு பதில் போடணும். டைம் இல்லன்னு போட அதுல இடமில்ல. பூட்டுன்னு போட இடம் கீது."

"அதுக்கு எங்க வூட்ட பூட்டுவீங்களா?"

"நேத்து வந்திருந்தா குடுத்திருப்பேன். வர மாட்டேன்னு சொன்னியாமே."

ஃபோனைப் பைக்குள் போட்டேன். அந்த அம்மாவின் மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். பொய்யைத் தெரிந்தே பையில் போட்டுச் சீல் வைத்து அனுப்புகிறவர் நிதானமாகப் பேசிவிட்டால் நல்லவர் ஆகிவிடுவாரா? எரிச்சல்தான் வந்தது. ஒருவர் தலையில் இரண்டு பேர் வேலையை ஏற்றியவர் எவரோ, அவருக்குக் கவுன்ட்டரே கிடையாது, போய் நின்று கத்துவதற்கு. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் அடியில் என்மேலேயே ஒன்று இருந்தது. அதை அப்போது தொடவில்லை.

சனிக்கிழமை விடியலில் அக்கா பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனாள். உறை அங்கேயும் வந்து சேரவில்லை. கல்லூரிக்காரர்கள் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை அந்த நகல்களோடும் ஃபோனில் இருந்த மூன்று பூட்டுகளோடும் மருத்துவமனைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வீட்டுல ஆள் இருந்திருக்கணும்ல?" என்றார். அவ்வளவுதான். பட்டியலில் அடுத்து இருந்த பெண்ணை அன்று மத்தியானமே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஊர் வருவதற்குச் சற்று முன்னால் சொன்னாள்.

"அந்த ஆளு பொய் சொன்னான், சரி. நீ உன் கணக்குக்கு என் வேலைய வெச்சு விளையாண்ட."

அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. உறை கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததும் மறுபடி போய், தானே கையில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இப்போது அவை அலமாரியில் இருக்கின்றன. வேலைதான் இல்லை. கூடுவாஞ்சேரிக் கிளினிக்கிலும் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

மீதிக் கார்டுகளை நான் போடவில்லை. வேறொன்று எழுத ஆரம்பித்தேன், தபால்காரரின் மேல் ஒரு புகார். நாள், நேரம், படம், எல்லாம் சேர்த்து மூன்று பக்கம். அக்கா நேற்று நாஸ்தா நேரத்தில் அதை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள்.

"இத அனுப்பினா இன்னா ஆவும்? அந்த ஆளை மாத்துவான். புதுசா வர்றவனும் நாலு மணிக்கு அதே பூட்டைத்தான் போடுவான்."

"அதுக்கு சும்மா வுட்டுடறதா?"

"வுடச் சொன்னனா? ரெண்டு பீட்டும் ஒரு ஆளால முடியுமா முடியாதா? அத அளந்தியா நீ? அளக்கத் தெரிஞ்சவதானே."

அளக்கவில்லை. அதுதான் உண்மை.

ஆகவே இந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் என் ஸ்கூட்டியில் கிளம்புகிறோம். காலையில் எங்கள் பக்கத்துத் தெருக்கள், அடுத்து பிளாட் பக்கம், மத்தியானப் பை வந்த பிறகு மறுபடி எங்கள் பக்கம். ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி, மணி அடித்து, ஆள் வரும்வரை நின்று, ஒரு கையெழுத்து வாங்கப் போகிறோம். அக்கா இறங்குவாள், நான் நேரம் குறிப்பேன். கையெழுத்து சும்மா இல்லை. இரண்டு பீட்டையும் பிரித்து இன்னொரு ஆளைப் போடச் சொல்லும் மனுவில்தான் அது விழும். உங்கள் வீட்டையும் ஃபோனில் பூட்டியிருக்கிறார்களா என்று கேட்டுக் குறிக்க, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம். நாலு மணிக்குள் முடிந்துவிட்டால் அந்த மூன்று பக்கப் புகாரை அப்படியே அனுப்புவேன். முடியாவிட்டால் மனுவை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் இருக்கிற அஞ்சல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போகிறோம். பிளாட் பக்கத்துத் தெருக்களை நேற்று நோட்டில் பாதிதான் வரைந்தேன். மீதியை இன்றைக்குப் போய்ப் பார்த்து வர வேண்டும்.