அம்மா அளந்த என் இடது கண்

புது மல்லாட்டை, அதான் நிலக்கடலை, உரிக்கும்போது ஒரு மண் வாசனை வரும்... மூக்குல ஏறித் தும்ம வைக்கும். ரெண்டாவது உலக யுத்தம் முடிஞ்ச சமயம். திண்டிவனத்துல மல்லாட்டை உரிக்கிற ஒரு கொட்டாய்ல, உரிச்ச கடலைப் பயிறுல சொத்தை பொறுக்குறதுதான் அம்மாவுக்கு வேலை. பக்கத்துல நான், ஆறு வயசு. வலது கண்ணுல துணிக்கட்டு.

இடது கண்ணு சோம்பிக் கிடக்கு, நல்ல கண்ணை மூடுனாத்தான் அது வேலை செய்யும்னு விழுப்புரத்துல ஒரு கண் டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயசு தாண்டிட்டா அந்தக் கண்ணு அவ்ளோதான்னும் சொன்னார்.

கொட்டாய்ல சும்மா விடுவாங்களா?

"ஏண்டி, நல்ல கண்ணைக் கட்டிட்டு நொள்ளைக் கண்ணை வெளிய வுட்டிருக்கியே... புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அம்மா பாட்டுக்கு சொத்தையைப் பொறுக்கிக்கினே இருப்பாங்க. நான் அழுதாலும் கட்டை அவுக்க மாட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு டெஸ்ட். சுவத்துல எழுத்து அட்டை. எனக்கு முன்னாடி நின்ன பிள்ளை சத்தமா வாசிச்சுது... காதால கேட்டு அப்படியே ஒப்பிச்சுட்டேன். கட்டு போதும்னுட்டார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியல.

அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை வரல. மறுநாள் என் வலது கண்ணை உள்ளங்கையால பொத்தி, எதிர்ல ஒரு கை பயிறைப் பரப்பி, கருத்ததை எடுன்னாங்க. கருத்ததுன்னு நெனச்சு நான் நல்ல பயிறாவே பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டேன்.

அடிக்கல. பயிறை முந்தானையில முடிஞ்சு, என்னையும் கூட்டிக்கினு மறுபடி விழுப்புரத்துக்கு ரயில் ஏறுனாங்க.

டாக்டர் எதிர்ல நின்னுக்கினே சொன்னாங்க. "அய்யா, இது எழுத்தை மனப்பாடம் பண்ணிடுச்சுங்க. மல்லாட்டையை மனப்பாடம் பண்ண முடியாதுங்க. இத வெச்சுப் பாருங்க."

அவர் சிரிக்கல. மேஜைமேல கொட்டச் சொல்லிப் பார்த்தார். கட்டை அவரே திரும்பப் போட்டு விட்டார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பயிறு முதல்ல, அட்டை பிறகு. ஒரு வருஷத்துல கருத்தது எல்லாம் சரியா கைக்கு வந்துச்சு.

அந்தக் கண்ணையும் வெச்சுக்கினுதான் பின்னாடி நானே மல்லாட்டை மண்டி போட்டேன். சரக்குல என்னை ஏமாத்துனவன் கிடையாது.

போன வாரம் கொள்ளுப்பேத்திக்கு அதே கோளாறு. இப்போ கண்ணாடி மாட்டி கம்ப்யூட்டர்ல விளையாட்டு கொடுக்கிறாங்க. ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுதா, மேடு பள்ளம் தெரியுதான்னும் அளக்கிறாங்க. அப்போ ஒத்தை ஒத்தைக் கண்ணாத்தான் பார்த்தாங்க. எனக்கு ரெண்டும் சேரல, இன்னைக்கும் படி இறங்கும்போது எவ்ளோ பள்ளம்னு சரியா தெரியாது.

அம்மாவுக்கு அது தெரிஞ்சிருந்தது. யாரும் சொல்லல, தானா கண்டுபிடிச்சிருந்தாங்க. நான் மண்டி மொதலாளி ஆனப்புறமும், எங்க போனாலும், படி இறங்கும்போது எனக்கு ஒரு படி கீழ நின்னுக்கினு திரும்பிப் பார்ப்பாங்க.

இப்போ எல்லா இடத்துலயும் கைப்பிடி இருக்கு. பிடிச்சுக்கினுதான் இறங்குறேன்... காலை வெக்கிறதுக்கு முன்னாடி, அந்தக் கீழ்ப் படியை ஒரு தடவை பார்த்துக்கிறேன்.