சங்குப் பால் குடித்த பூனைக்குட்டி

எங்கள் காலனியில் பிள்ளை பிறந்தால் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின் மேல் மல்லாக்கக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றித் துவட்டி, அதே காலில் வைத்துச் சங்கில் பாலும் புகட்டித்தான் தாயிடம் கொடுப்பேன். வெள்ளிச் சங்கு, என் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் வாங்கிக் கொடுத்தது. முரண்டு பிடிக்கிற பிள்ளைகூட என் காலில் கிடந்தால் மடக் மடக்கென்று குடித்துவிடும். ராசியான கை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாதவர்களையும் நான் சொல்ல வைத்துவிடுவேன்.

எங்கள் வீடு கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை மனை போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. பாதி மனைகளில் இன்னும் வீடு வரவில்லை. பக்கத்து மனையில் யாரோ காய்ந்த பருத்திச் செடிகளை, பருத்திமாரை, விறகுக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குள்தான் ஒரு சாம்பல் நிறப் பூனை குட்டி போட்டிருந்தது. இரண்டாம் நாளே அந்தப் பூனை நாலுவழிச் சாலையில் அடிபட்டுக் கிடந்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை, நேரே பருத்திமாருக்குப் போனார். மூன்று குட்டிகளில் இரண்டை எறும்பு மொய்த்திருந்தது. மிச்சம் இருந்த ஒன்றைக் கைலி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தார். கண் திறக்கவில்லை. தொப்புள்கொடி காய்ந்த நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் கழுகுமலை மினி பஸ் ஓட்டியவர். முழங்கால் வலி வந்து வேலையை விட்ட பிறகு வீட்டோடு இருந்தார். எதையும் கேட்கிற ஆள் இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர், இந்தக் குட்டியை நாமே வளர்த்துவிடலாம் என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவரே பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் குட்டிக்கு அணைப்பாக வைத்தார். ஈரத் துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டு மூத்திரம் போக வைத்தார். எதிர்வீட்டில் ஆடு வளர்க்கிற பெண்ணிடம் ஆட்டுப் பால் வாங்கிக்கொண்டு, மெடிக்கலில் இங்க் பில்லர் ஒன்றும் வாங்கி வந்தார். பால் கொடுப்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பில்லரை ஒதுக்கி வைத்துவிட்டு அலமாரியிலிருந்து சங்கை எடுத்தேன். காலை நீட்டி உட்கார்ந்து குட்டியை மல்லாக்கப் போட்டேன். சங்கின் மூக்கு அதன் வாயைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு விரலால் கன்னத்தை அழுத்திச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலு காலையும் ஆட்டிக்கொண்டு குடித்தது.

அவர் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டார் கிடை போட்டு ஆடு மேய்த்தவர்கள். தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் புகட்டியே வளர்ந்தவர் அவர்.

"மல்லாக்கப் போட்டா புரை ஏறும்லா. குப்புற வச்சுக் குடேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எனக்கே சொல்லித் தாரீங்களா? இந்தக் காலுல எத்தன பிள்ளையளப் போட்டு வளத்திருக்கேன். நீங்க பஸ்ஸ ஓட்டுனா போதும்" என்றேன்.

அவர் பஸ்ஸை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சொல் தேவையே இல்லை. அவர் எழுந்து போய்ப் பாட்டிலில் வெந்நீர் மாற்றினார்.

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. வயிறு உருண்டு, தூங்கும்போது வாய் சப்புக்கொட்டும். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டினேன், பூனைக்குட்டிக்கே சங்கில் பால் கொடுக்கிறவள் என்று ஒரு பெயர் வேறு கிடைத்தது. மூன்றாம் நாள் குடித்த பால் மூக்கு வழியாக நுரைத்து வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். மறுநாள் மூச்சு விடும்போது கர்கர் என்றது. சளி பிடித்திருக்கிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் அன்று சாயங்காலமும் மல்லாக்கப் போட்டுக் கொடுத்தேன். மாற்றிக் கொடுத்தால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்றுதான் அப்படிச் செய்தேன். எழுதுகிற இப்போது கை கூசுகிறது.

ஐந்தாம் நாள் காலை மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அவர் வண்டி ஓட்ட, நான் பின்னால் குட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். வேப்பமரத்தடியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட எங்கள் காலனிப் பெண்கள் இரண்டு பேர். எல்லோரும் குட்டியைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார்.

"பால் குடுத்தது யாரு? மல்லாக்கப் போட்டுக் குடுத்தீங்களா?"

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்ட மறுநாள் போக வேண்டியிருந்தது எனக்கு. குட்டியைச் சுற்றிய துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"நாந்தான் சார் குடுத்தேன். தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றார் அவர்.

டாக்டர் அவரைத் திட்டினார். வயதான ஆள், விசாரித்துச் செய்யக் கூடாதா என்றார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊசி போட்டுக் கொடுத்தார்கள். வீடு வந்து சேருவதற்குள் குட்டி என் மடியிலேயே விறைத்துவிட்டது. அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலைக் கொத்திப் புதைத்துவிட்டு வந்தார். கை கழுவும்போதாவது சொல்லிவிடலாம் என்று செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். ஏதோ பேச வாய் எடுத்தேன். "விடு" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன். காலனியில் பேச்சு தானாகப் பரவியது. அக்கா வெளியே போயிருந்த நேரத்தில் அண்ணாச்சி பாலைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று, நான் சொல்லாத கதையையும் சேர்த்துச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. வழக்கம்போலப் பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போய்க்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் நல்ல மழை. தெருவெல்லாம் களிமண், செருப்பு வைத்த இடத்திலேயே நின்றுவிடும். எதிர்வீட்டில் ஆடு இரட்டைக் குட்டி போட்டு, ஒன்றைச் சேர்க்கவே இல்லை. முட்டி முட்டித் தள்ளியது. அவளுக்கோ தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போயாக வேண்டும். நனைந்த குட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

அவர் நாற்காலியில் இருந்தார். குட்டியின் சத்தத்தைக் கேட்டதுமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவள் படியேறும் முன்பே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி, ரொம்ப நாளாகப் பார்க்காதது.

"அண்ணாச்சி, நீங்க வேண்டாம்" என்றாள் அவள், தயங்கித்தான் சொன்னாள். "அக்கா, நீங்க வாங்குங்க."

நான் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான், அதுவும் ஒரே ஒரு வாக்கியம். அவர் என்னைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கைகளை மெதுவாக இறக்கிக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

நான் குட்டியை வாங்கிக்கொண்டேன்.