அடல்ட் ராக் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வந்தார்கள்

1. கங்காணியிடம் விட்ட பொறுப்பு

தோட்டத்துப் பொது மண்டபமான டேவான் நிறைந்து வழிந்தது. ஆனால் உள்ளே என்னைத் தவிர ஒரு பெண்கூட இல்லை. வந்திருந்த ஆண்கள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வானொலி விளம்பரப் பிரிவில் எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறேன். இப்படிக் கூச்சம் பிடித்த கூட்டத்தைக் கண்டதே இல்லை.

நடந்தது இதுதான். கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனியிடம், கேமரன் மலைக்கென்று ஒரு புது எஃப்.எம். தொடங்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கல்யாணம், பிள்ளை குட்டி என்று ஆகிவிட்டவர்களுக்கான ராக் பாட்டு: பழைய மலாய் ராக், ஆங்கில ராக், நம் உள்ளூர்த் தமிழ் பேண்டுகள். தொழிலில் அதற்குப் பெயர் ‘அடல்ட் ராக்’. நான் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். ஸ்டேஷன் வந்தால் இங்கே பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஆபீஸ். நானும் ஊரோடு வந்துவிடலாம். அதற்காகத்தான் அத்தனை பாடும்.

பாஸ் ராஜன் பிடி கொடுக்கவில்லை.

“விமலா, கொழுந்து வெட்றவங்க ராக் கேப்பாங்கன்னு யாரு சொன்னா? நானே வந்து கேக்கிறேன். ஜனங்க வேணாம்னா ஃபைல மூடிருவேன். நீ பேசாம கேஎல்லயே இரு லா.”

‘அடல்ட் ராக் கூட்டம்’ என்று சொல்லி, ஆள் சேர்க்கும் பொறுப்பை முனியாண்டிக் கங்காணியிடம் விட்டேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவர் ஒன்று சொன்னால் தோட்டம் முழுக்கப் போய்விடும். போயிற்று.

2. குடும்பத்தோட கேளுங்க

ராஜன் மைக்கைப் பிடித்தார். “நம்ம ஸ்டேஷன் முழுக்க அடல்ட்தான். காலைல எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் நிப்பாட்டாம போடுவோம்.”

பின்வரிசையில் ஒருவருக்குப் புரையேறியது.

“வீட்ல வெச்சே கேக்கலாமா சார்?” என்று ஒரு லோரி டிரைவர் தணிந்த குரலில் கேட்டார்.

“தாராளமா! குடும்பத்தோட கேளுங்க. பிள்ளைங்கள காடியில ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போறப்பகூடப் போட்டு விடுங்க.”

“ஐயோ முருகா!” என்றது ஒரு குரல்.

“பாட்டு மட்டுந்தானா சார், பேச்சும் வருமா?”

“பேச்சு இல்லாமயா? உள்ளூர் ஆளுங்களையே கூப்ட்டுப் பேச வெப்போம். உங்க சம்சாரம்கூட வந்து பேசலாம்.”

லோரி டிரைவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள், கால் பூட்ஸோடு. முன்னால் பார்வதி அக்கா.

“அடப்பாவிகளா! கோயில் மீட்டிங்குக்குக் கூப்ட்டா இடுப்பு வலி, முட்டி வலி. இதுக்கு மட்டும் முந்திக்கிட்டு எடம் புடிச்சிட்டீங்களா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா விமலா, உங்கம்மா ஒன்ன இதுக்கா படிக்க வெச்சா?”

மூலையில் நின்ற கங்காணியிடம் ஓடினேன். “கங்காணி, பெரட்டுல என்னாதான் சொன்னீங்க?”

“நீ சொன்னதத்தான் சொன்னேன். அடல்ட் சமாச்சாரம், பொம்பளைங்க, பிள்ளைங்க வேணாம்னேன். பின்ன, தோட்டத்து மானம் என்னாவறது?”

3. கொசு மாதிரி ரேடியோ

மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். “இது அந்த அடல்ட் இல்லீங்க! நம்ம வயசுக்காரங்க கேக்கிற ராக் பாட்டு. அவ்ளோதான்!”

டேவானில் பெருமூச்சு எழுந்தது. அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். முன்வரிசையில் சிலர் மெல்ல எழுந்து நடையைக் கட்டினார்கள்.

ராஜன் முகம் சிவக்க ஃபைலைப் பைக்குள் வைத்தார். போச்சு, ஊருக்கு வருவதும் போச்சு என்று நினைத்தேன்.

“இருங்க சார்,” என்றார் பார்வதி அக்கா. “ராக்குன்னா டமடமன்னு அடிக்கிறதுதானே? அதப் போடுங்க. எங்க வூட்டுக்காரரு கொழுந்து வெட்ற மெஷினப் புடிச்சுப் புடிச்சுக் காது மந்தமாயிருச்சு. இருக்கிற ரேடியோல்லாம் கொசு மாதிரி மொணங்குது. அது கேக்கலன்னு என்னையப் பாடச் சொல்றாரு. என்னால முடியல லா!”

“எங்க வூட்லயும் அதே கததான்!” என்று இன்னொருத்தி கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், அத்தனை பெண்களும் கையைத் தூக்கிவிட்டார்கள். ராஜன் சிரித்துக்கொண்டே ஃபைலை வெளியே எடுத்தார்.

“ஆனா அந்த அசிங்கம் புடிச்ச பேரு மட்டும் வேணாம்,” என்றார் அக்கா.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஆபீஸில் பழகிய சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு ஜனங்களிடம் போகாதீர்கள். முதலில் ஒரு கங்காணியிடம் சொல்லி, அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

‘மலை ராக்’ என்ற பெயரில் ஸ்டேஷன் வந்தது. தானா ராத்தாவில் என் மேசையில் உட்கார்ந்த முதல் நாள் சந்தோஷத்தில் அழுதே விட்டேன். கண்ணைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. பார்வதி அக்கா.

“விமலா, எங்க வூட்டுக்காரரு பாட்டுக்குத் தலைய ஆட்டுறாரு! கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் என்னா சொன்னாலும் ஆட்டாத தல லா அது!”