கையைப் பிடித்தபடி தூங்கிய ஆய்வாளர்

இருபத்திரண்டு. இந்த எண்ணை மறக்காதீர்கள். அந்த முதியோர் இல்லத்தில் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை இருபத்திரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள இருந்தது ஒரே ஒரு பணிப்பெண்.

அவளை எல்லாரும் காத்தாடி என்றே கூப்பிடுவார்கள். அவள் நின்று யாரும் பார்த்ததில்லை. போன மாதம் ஆறாம் அறைப் பெரியவர் மணியடித்துவிட்டுப் பதின்மூன்று நிமிடம் காத்திருந்தார். யாரும் வராததால் தானே கழிவறைக்குக் கிளம்பி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. காத்தாடி மேல் அலட்சியம் என்று புகார். அது உறுதியானால் சான்றிதழ் போய்விடும், அப்புறம் எந்த இல்லமும் அவளை வேலைக்கு எடுக்காது. மணியடித்தபோது எங்கே போயிருந்தாய் என்ற கேள்விக்கு அவள் எழுதிக்கொடுத்த பதில் ஒரே வரி: ‘ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.’ நிர்வாகி அதைப் படித்துச் சிரித்தாராம்.

விசாரிக்க வந்த ஆய்வாளர் அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒன்பது வருடம் இதே மாதிரி இல்லத்தில் பெட்பேன் கழுவியவர். பரீட்சை எழுதி, முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் ஆனவர். பளபளக்கும் தரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கால் நகம் வெட்டியிருக்கிறதா, தண்ணீர்த் தம்ளர் படுத்திருப்பவர் கைக்கு எட்டுகிறதா, மெத்தையைப் புரட்டினால் என்ன வாசனை வருகிறது என்று பார்ப்பார். நிர்வாகிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் நாத்தனார்.

நாத்தனாருக்கு வீட்டிலும் இதே வேலைதான். மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், நினைவு தப்பியவர். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, டூட்டிக்கு நேரமாச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பார். மருமகள் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டிக்கெட் கேட்டால்தான் வண்டி கிளம்பும். கடைசி நிறுத்தம் வருவதற்குள் விடிந்துவிடும். கணவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக், பகலில் அப்பாவைப் பட்டறைக்கே கூட்டிப்போய்விடுவார். ஆகவே விடியற்காலைப் பயணம் முழுக்க இந்த அம்மாவுக்கு.

ஆய்வில் ஒரு விதி உண்டு. இரண்டு மணி நேரம் கூடத்தில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். கையிலுள்ள தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். யார் விழித்திருக்கிறார்கள், யாரிடம் யார் பேசினார்கள், யாரை யார் தொட்டார்கள் என்று கட்டத்துக்குக் கட்டம் எழுத வேண்டும்.

அன்று அவர் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார். மேசைகளைத் துடைத்தாகிவிட்டது. மின்விசிறி அவசரமில்லாமல் சுற்றியது. திரைச்சீலை மூச்சு வாங்குவதுபோல் உப்பி உப்பி அடங்கியது. வெயில் தரையில் ஒரு நீளத் துண்டாக விழுந்து, ஒவ்வொரு நாற்காலிக் காலாகத் தொட்டுக்கொண்டே நகர்ந்தது. கூடம் முழுக்க வாய் பிளந்த தூக்கம். யாரோ தூக்கத்தில் யாரையோ “வா, வா” என்றார்கள். காத்தாடியின் செருப்புச் சத்தம் ஒரு கதவில் தொலைந்து இன்னொரு கதவில் முளைத்தது. ஏழு கட்டம் எழுதினார். எட்டாவதில் பேனா ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே காகிதத்தைவிட்டு வெளியே போனது.

மாமனார் ஓட்டிய பேருந்து தண்ணீர் மேல் போய்க்கொண்டிருந்தது. அலையே இல்லாத, பால் மாதிரி வெளிச்சமான தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே நாற்காலிகள் மிதந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு போர்வை. யாரோ இறங்க மணியடித்தார்கள். வண்டி நிற்கவில்லை. மணி எங்கேயோ வெகு தூரத்தில், கேட்க இதமாக, விடாமல் அடித்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் ஒரு நாடி துடித்தது. விட்டால் தண்ணீருக்குள் போய்விடுவோம் என்று இன்னும் இறுக்கிக்கொண்டார்.

கண் விழித்தபோது மணி மூன்று இருபத்தைந்து. செருப்பு கழற்றி ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. கழுத்துக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கால் முக்காலி மேல். தம்ளரில் தண்ணீர், கைக்கு எட்டும் தூரத்தில்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா தையல் வேலை செய்து ஓய்ந்தவர். “ஏம்மா, நீ விட்ட குறட்டையில எங்க தூக்கம் போச்சு” என்றார்.

“என்னாச்சு எனக்கு?”

“சரிஞ்சு விழப் பார்த்தே. அவ ஓடி வந்து தாங்கினா. உடனே அவ மணிக்கட்டைப் புடிச்சே பாரு, பத்து நிமிஷத்துக்கு மேல விடவே இல்ல. நானும் நாப்பது வருஷம் கத்தரிக்கோல் புடிச்ச கைதான், இப்படி ஒரு புடி பார்த்ததில்ல.”

காத்தாடி நனைந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“என்னை எழுப்பியிருக்கலாமே?”

“ரெண்டு தரம் கூப்பிட்டேன் மேடம். உலுக்கி எழுப்பினா புகார் சொல்லுவாங்க. உலுக்காமலே ஒண்ணு வந்திருக்கு.”

“கையை உதறிட்டுப் போயிருக்கலாம்.”

“போனா உங்க மூக்கு தரையில. ஏற்கெனவே ஒரு இடுப்பு என் தலையில இருக்கு, உங்க மூக்கு வேறயா?”

“இது யாரோட விரிப்பு?”

“ஒன்பதாம் ரூம். மணியடிச்சாரு. நான் போறதுக்குள்ள நனைச்சிட்டாரு. போகட்டும், எழுந்து நடக்கல, விழல.”

ஆய்வாளர் வெறுங்காலோடு நடைபாதைக்குப் போய் மணிப் பலகையின் பதிவைப் பார்த்தார். ஒன்பதாம் அறை. இரண்டு நாற்பத்தொன்றில் அடித்தது, இரண்டு ஐம்பத்திரண்டில் அணைந்தது. அந்த மணியை அவர் கேட்டிருந்தார், பேருந்தில்.

நிர்வாகி பின்னாலேயே வந்து நின்றார். “நீங்க கண் அசந்ததை இங்க யாரும் பார்க்கல மேடம். அதை விடுங்க. ஆனா பதினோரு நிமிஷம், நீங்களே பாருங்க. ஒரே மாசத்துல ரெண்டாவது தடவை. அலட்சியம்னு ஒரு வரி எழுதிட்டுப் போங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“சாட்சி இருக்கு. தூங்கிட்டு இருந்துச்சு” என்றார் ஆய்வாளர்.

அன்று சாயங்காலம் வீட்டில் அறிக்கையை எழுதி முடித்துவிட்டுக் கணவரிடம் சொன்னார். “ஏங்க, டூட்டியில தூங்கினேன்னு எழுதிட்டேன்.”

“லேசா கண் அசந்தேன்னு எழுதக்கூடாதா?”

“அம்பது நிமிஷம் லேசாவா?”

“வேலை போயிட்டா?”

“உங்கப்பா வண்டியில கண்டக்டர் வேலை இருக்கே.”

அவர் சிரிக்கவில்லை. அறிக்கையை வாங்கி விளக்குப் பக்கம் பிடித்துப் படித்தார். ‘எட்டாம் கட்டத்திலிருந்து பதினேழாம் கட்டம் வரை ஆய்வாளர் தூங்கினார். இருபத்து மூன்றாவது ஆளாகக் கவனிக்கப்பட்டார், நன்றாகவே கவனிக்கப்பட்டார். அதே நேரத்தில் ஒன்பதாம் அறை கவனிக்கப்படவில்லை. இரண்டு இடத்துக்கும் இருந்தது ஒரே ஆள். ஆறாம் அறைப் பெரியவர் விழுந்த அன்றும் இதுவே நடந்தது என்று நம்புகிறேன்.’

“கையெழுத்துப் போடு” என்று திருப்பிக் கொடுத்தார் கணவர்.

புகார் தள்ளுபடியானது. காத்தாடியின் சான்றிதழ் அவளிடமே இருக்கிறது. ஆய்வாளரைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஜன்னல் இல்லை, தூக்கமும் வருவதில்லை என்கிறார். மதியத்துக்கு இன்னொரு ஆளை உடனே போட வேண்டும் என்று இல்லத்துக்கு உத்தரவு போயிருக்கிறது. இன்னும் போடவில்லை.

இன்றோடு நாற்பத்தொரு நாள்.