யானை தின்ற குருத்தோலை

போடி பஸ் நிலையத்து டீக்கடையில் மூன்று நாளாக ஒரே பேச்சு. தேவாரம் ஊர்ப்பக்கம் ஒரு யானை கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டதாம். குருத்தோலை ஞாயிறுக்கு வைத்திருந்த ஓலைகளோடு மலையேறிப் போனதாம். ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

விசாரிக்கப் போனால், யானை உண்மை. மலையேறியதும் உண்மை. ஓலை மட்டும் அதன் வயிற்றுக்குள் இருந்தது.

நஷ்டம் தேவாரத்துச் சுடலைக்கு; தவிப்பு கிருபாராணிக்கு. மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருபது வருடமாகக் காய் பறிக்கிற கிருபாராணி, அங்குள்ள சின்ன ஆலயத்துக்கு இந்த ஆண்டுதான் மூப்பரானார். அந்தச் சபைக்கு முதல் பெண் மூப்பர். மூன்றே ஓட்டில் தோற்ற ஜான், சபையில் பெண்கள் பேசக்கூடாது என்று வேதத்தில் பவுல் எழுதியதை ஞாயிறுதோறும் நினைவூட்டுவார். இயேசுவின் கல்லறைக்கு முதலில் போனது ஆணா பெண்ணா என்று கிருபாராணி திங்கள்தோறும் கேட்பார்.

மலையில் தென்னை கிடையாது. குருத்தோலை சுடலையின் தோப்பிலிருந்துதான் போகும். சுடலை, அய்யனாருக்குக் கிடா வெட்டுகிறவர். ஆனால் அவர் பிறந்தபோது தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அந்த நன்றிக்கு, குருத்து வெட்டுவதற்கென்றே அந்தக் குடும்பம் பத்துத் தென்னங்கன்றுகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. காய்க்கிற மரத்தில் யாரும் குருத்தை வெட்டமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை சுடலை போன் போட்டார்.

"ஆத்தா, கொம்பன் வந்து குருத்தையெல்லாம் உருவித் தின்னுட்டான்."

"பத்துக் கன்னுமா அண்ணே?"

"ஒண்ணு தப்பிச்சிருக்கு, அதுலயும் குருத்தில்ல. பக்கத்துலயே என் வாழை நிக்கிது, அதைத் தொடலை. உங்க சாமி சோலிக்குன்னு தெரிஞ்சே தின்னுருக்கான்!"

பக்கத்துத் தோப்புக் குருத்தெல்லாம் ஏற்கெனவே போடி ஆலயங்களுக்குப் போய்விட்டது. ஞாயிறன்று ஓலை ஏந்திப் போகும் பவனி நடக்காவிட்டால் மறு தேர்தலே வேண்டாம், ஜான் ஜெயித்த மாதிரிதான்.

ஞாயிறு காலை ஆலய வாசலில் ஜான் நின்றார். "என்ன மூப்பரம்மா, வெறுங்கையை ஆட்டியா ஓசன்னா பாடணும்?"

"வெரசா வாங்கண்ணே, ஆளுக்கொண்ணு எடுங்க."

சுவரோரம் ஆளுயரத்துக்கு ஏலத்தட்டைகள், ஏலச்செடியின் நீளத் தண்டுகள், பச்சை இலையோடு. சனி மாலைக் காற்றில் தோட்டத்தில் சாய்ந்தவை. எப்படியும் வெட்டி எறிய வேண்டியவை. கிருபாராணி சுமந்து வந்து குவித்திருந்தார்.

"ஏலத்தட்டை வேதத்துல எங்கம்மா இருக்கு?"

"தென்னை மட்டும் இருக்காக்கும்? இயேசு வந்தப்ப எருசலேம்ல பிடிச்சது பேரீச்சை ஓலை. நம்ம பாட்டன்மாரு அதைத் தென்னையாக்குனாங்க. நான் ஏலமாக்குறேன்."

போதகரே சிரித்துவிட்டார். எண்பது பேர் தட்டை ஏந்தி நடந்தபோது ஒரு தோட்டமே எழுந்து பாட்டுப் பாடிக்கொண்டு போவதுபோல் இருந்தது. இருப்பதிலேயே நீளமான தட்டையை யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொண்டவர் ஜான். குரலும் அவருடையதுதான் உரக்க.

திங்களன்று சுடலை மறுபடி கூப்பிட்டார். வருடாவருடம் கிருபாராணி ஓலையில் சிலுவை முடைந்து அனுப்புவார். அது பம்புசெட்டில் தொங்காவிட்டால் சுடலையின் மோட்டார் தண்ணீர் இழுக்காதாம்.

"என் சிலுவை எங்க ஆத்தா?"

"ஏல இலையில முடைஞ்சா காஞ்சு உதிருதுண்ணே. தப்பிச்ச கன்னு குருத்து விடட்டும், முடைஞ்சு தர்றேன்."

கன்று இன்னும் குருத்து விடவில்லை. சுடலை தினமும் போய்ப் பார்க்கிறார்.