இரண்டாம் பக்கத்தில் வந்த பஸ்

அந்தப் பேச்சாளரை மலைக்கு அழைத்து வந்தது நான்தான். யார் தலையிலும் பழி போட முடியாது.

நெல்லிவாசல்நாடு என்ற மலைக் கிராமத்தில் ஒரு சின்னத் தபால் அலுவலகம் என் பொறுப்பு. சொந்த ஊர் கண்ணமங்கலம். இங்கே மாலை வேளையில் கேட்க ஒரு நல்ல பேச்சு கிடையாது என்ற குறை எனக்கு வெகு நாளாக இருந்தது. வேலூரில் ஒரு அம்மா இருக்கிறார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சிரிக்கச் சிரிக்கப் பேசி, சிரித்து முடிப்பதற்குள் குட்டு வைத்துவிடுவார். மூன்று மாதம் போனில் கெஞ்சி வரவழைத்தேன். பள்ளிக்கூட மைதானம், ஒரு மைக், ஒரு சால்வை, சாயங்காலம் நாலரை மணி. இருட்டுவதற்குள் அவர் மலை இறங்கியாக வேண்டும்.

கூட்டம் வந்தது. அதுதான் முதல் ஆச்சரியம். ஏன் வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கையில் ஆளுக்கொரு மடித்த காகிதம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அவர் பேச ஆரம்பித்தார். நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நாய் லிஃப்டில் போகலாமாம், பாத்திரம் தேய்க்க வரும் அம்மா போகக் கூடாதாம். "நாய்க்கு மூட்டுவலி வந்துடும்ல" என்றார். வேலூரில் அரங்கமே அதிர்ந்திருக்கும். இங்கே ஒருவர் முகத்திலும் அசைவு இல்லை. எனக்கு வியர்த்தது. சிரியுங்களேன் என்று பின்வரிசையைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினேன். அவர்கள் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த சாமை விவசாயி ஒருவர் எழுந்தார். "அப்ப அந்தம்மா எப்பிடிங்க மேல போவும்?"

"படி ஏறித்தான்."

"எத்தினி மாடிங்க?"

"ஒம்பது."

"நாங்க தெனம் அத்த விட அதிகமா ஏறறோம். எங்களுக்கும் லிப்டு வுட மாட்டேன்றாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் மைதானம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். எனக்கு மட்டும் எரிச்சல். பேச வந்தவரைப் பேச விட வேண்டாமா?

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். இந்த மலையில் காரில் வந்து இறங்கி, சால்வை போர்த்தப்பட்டு, மைக் முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் மனு கொடுப்பது வழக்கம். வேறு எதற்காகவும் அப்படி ஒருவர் இதுவரை இங்கே வந்ததில்லை. பெண் வேறு. கலெக்டரம்மா என்றே முடிவு கட்டியிருந்தார்கள். நான் ஓடிப்போய், "அதிகாரி இல்லீங்க, பேச்சாளருங்க" என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

"இருக்கட்டுங்க சார். நம்ம பேச்ச எடுத்துக்கினு போயி அங்க பேசுவாங்க இல்ல" என்றாள் வரிசையில் முதலில் நின்றவள்.

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். மகள் பத்தாவது பாஸ். பதினொன்றாம் வகுப்புக்கு மலைக்குக் கீழேதான் போக வேண்டும். எங்கள் பஸ்ஸோ காலை பத்து மணிக்கு வருகிறது, பள்ளிக்கூடமோ ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. ஏழு மணிக்கு ஒரு பஸ் வராவிட்டால் அந்தப் பெண் திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். ஆள் பிடிப்பவர் ஏற்கெனவே இரண்டு முறை வீட்டுக்கு வந்து போய்விட்டார்.

பேச்சாளர் அவள் மனுவை வாங்கி மைக்கிலேயே படித்தார். "மேன்மை தங்கிய, கருணை உள்ளம் கொண்ட அய்யா அவர்களின் பொற்பாதங்களைப் பணிந்து, தங்கள் மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன்…" மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். "ஏம்மா, பஸ் ரெண்டாம் பக்கத்துலதான் வருது. ரோட்டுல லேட்டா வர்றது பத்தாதா, மனுவுலயும் லேட்டா?"

மைதானம் குலுங்கியது. அடுத்த மனுவைப் பிரித்தார். அதிலும் பொற்பாதம். அதற்கடுத்ததிலும். "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே. எழுதினது யாரு?"

அத்தனை விரல்களும் என்னை நோக்கி நீண்டன. "எங்க போஸ்டாபீஸ் சார்தாங்க" என்றார்கள், பெருமையாக. அந்தப் பெருமைதான் என்னைக் கொன்றது. காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "உங்க தமிழ் ரொம்ப அழகு சார். படிச்சு முடிக்கறதுக்குள்ள அதிகாரி ரிடையர் ஆயிடுவாரு" என்றார். இருட்டுவதற்குள் கார் ஒடுகத்தூர் பக்கம் இறங்கிப் போயிற்று. அவமானத்தை இறக்கிவைக்க எனக்குத்தான் இடமில்லை. எத்தனை வருடங்களாக, வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லிக் கண் விழித்து எழுதிய மனுக்கள். இந்த ஜனங்களுக்காகத்தானே எழுதினேன் என்று ஆற்றாமையாக இருந்தது.

மறுநாள் காலை, பஸ் மனு கொடுத்த அவள் தபால் அலுவலகம் வந்தாள். வெள்ளைத் தாளை நீட்டி, "பாதம் வேணாங்க சார். பஸ்ஸு மட்டும் எழுதுங்க" என்றாள்.

நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாழ்மை இல்லாமல் எனக்கு ஆரம்பிக்கவே வரவில்லை. கடைசியில் எழுதினேன்: "பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக, காலை ஏழு மணிக்கு எங்களுக்கு ஒரு பஸ் வேண்டும்."

படித்துக் காட்டினேன். "அவ்ளோதானா?" என்றாள். "அப்ப இத்தினி வருசமா பக்கம் பக்கமா இன்னா சார் எழுதுனீங்க?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டி, தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

திங்கட்கிழமை மலை இறங்கிப் போய், கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள். மகளையும் பள்ளியில் சேர்த்துவிட்டாள். பத்து மணி பஸ்ஸில் போவதால் தினமும் முதல் இரண்டு பீரியடு போய்விடுகிறது. கணக்குப் பாடம் அந்த இரண்டில்தான் வருகிறது. இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று மகள் சொல்கிறாளாம்.

மூன்றாம் வாரம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தபாலைக் கொண்டுபோய்க் கொடுப்பவனும் நான்தான், படித்துச் சொல்பவனும் நான்தான். மனு உரிய மரியாதையுடனும் உரிய முறையிலும் எழுதப்படவில்லையாம், முறைப்படி எழுதி மீண்டும் அளிக்கவும் என்று இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் கேட்கும் அந்த முறையில் இந்த மலையிலேயே பெரிய கெட்டிக்காரன் நான். ஒரு மணி நேரத்தில் பொற்பாதங்களை வரிசையாக நிறுத்திவிடுவேன்.

"இப்ப இன்னா சார் பண்றது?" என்றாள்.

புதுத் தாள் எடுத்து அதே வரியை எழுதினேன், இன்னும் பெரிய எழுத்தில். அவள் கையெழுத்துக்குக் கீழே, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, என் கையெழுத்தையும் போட்டேன்.